கடலுக்கு நாள் குறித்தல்

மேற்கே மலை, கிழக்கே கரிசல். எங்கள் பகுதியில் கடல் கிடையாது. ராஜபாளையத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க் கடலைப் பார்க்கவே இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். அப்படியிருந்தும் கடலுக்கடியில் மீன் பார்க்க ஆள் கூட்டிப்போவது என் பிழைப்பில் பாதியாகிவிட்டது. சொந்த ஊர் சுந்தரபாண்டியம். அப்பா கைத்தறி நெசவாளி. நான் ராஜபாளையத்தில் டிராவல்ஸ் வைத்து, காசி, திருப்பதி என்று வேன் அனுப்பிக்கொண்டிருந்தவன். அந்தமானுக்குச் சிறைச்சாலை பார்க்கப் போன ஒரு குழு, ஹேவ்லாக் தீவில் தண்ணீருக்கடியில் எடுத்த போட்டோவோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் போட்டோவைத்தான் கேட்டார்கள். நானும் ஸ்கூபா டைவிங்கில் ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு என்று இரண்டு சான்றிதழ் வாங்கினேன். பயிற்றுநர் ஆகவில்லை, ஆகும் எண்ணமும் இல்லை. ஆளைப் பார்த்து, நாளைப் பார்த்து, தீவைப் பார்த்து ஏற்பாடு செய்வதுதான் என் வேலை.

வருகிறவர்களின் முதல் கேள்வி: "டிக்கெட் எவ்வளவு ஆகும்?" அப்பா பாவு பிணைத்து முடிக்காமல் நாடாவைத் தொடமாட்டார். நானும் காற்று, உடம்பு, திரும்பும் நாள் இந்த மூன்றும் அமையாமல் டிக்கெட் பக்கம் போவதில்லை.

முதலில் காற்று. இங்கே இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: குற்றாலத்தில் சாரல் விழுந்தால் கடல் பக்கம் போகாதே. அந்தமானைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பத்து நாள் பிந்திய கணக்கு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவது ஜூன் முதல் தேதியை ஒட்டி. அந்தமான் கடலை அது மே மூன்றாவது வாரத்திலேயே தொட்டுவிடும். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிற செய்தி பேப்பரில் வரும்போது ஹேவ்லாக்கில் படகுகள் கரையேறியிருக்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் கொடுக்கும் கெடு மே 10. அதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

அந்தமானுக்கு நல்ல காலம் தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை. பிப்ரவரி, மார்ச்சில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். ஆனால் அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பரீட்சை, மில்காரர்களுக்கு வருடக் கணக்கு முடிப்பு. சிவகாசிக்காரர்களுக்கோ வேறு பஞ்சாங்கம். தீபாவளி முடிந்த பிறகுதான் பட்டாசு ஆலைகளுக்கு ஓய்வு. "தம்பி, எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறதே அப்பத்தான்" என்பார் ஒரு அண்ணாச்சி. "அண்ணாச்சி, அந்த நேரத்துலதான் வங்கக் கடல்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு புயல் சின்னம் வரும்" என்பேன். நம்பமாட்டார். 2016 டிசம்பரை நினைவுபடுத்துவேன். சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல், அதற்குச் சில நாட்கள் முன்பு காற்றழுத்தத் தாழ்வாக அந்தமான் பக்கம் நின்றிருந்தது. கப்பல் போக்குவரத்து நின்றுபோய், ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் போய்த்தான் மீட்டு வந்தன. வர்தா என்றதும் அண்ணாச்சி அடங்கிவிடுவார். சென்னைக்குக் காலண்டர் லோடு அனுப்பி நஷ்டப்பட்டவர் அவர்.

ஆடியில்தான் வர முடியும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆடிக் காற்று வத்திராயிருப்புச் சாலையில் புழுதியை வாரி அடிக்கும்போது, இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. இடையில் தீவு மறித்துக்கொள்கிறது. மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலையில் டைவ் பருவம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கிருந்து சாலை வழி ஐந்தாறு மணி நேரம். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. இடுப்பளவு தண்ணீரிலேயே கருந்துடுப்புச் சுறாக் குஞ்சுகள் சுற்றும். எல்லாவற்றையும்விட ஒரு வசதி, படகுக்காரர் தமிழ் பேசுவார். இறங்கும் முன் சொல்லும் விளக்கத்தைச் சொந்த மொழியில் கேட்பவனுக்குப் பயம் பாதி குறைகிறது. முதல்முறை இறங்கும் பெரியவர்களை நான் திருகோணமலைக்கு அனுப்ப விரும்புவது இதனால்தான். ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு மறுநாள் கிளம்பிய ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பங்கள் உண்டு.

திருகோணமலை என்றதும் விஷயம் தெரிந்த இளைஞர்கள் மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்ம்ஸ் கப்பலைக் கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர், அட்வான்ஸ்டுக்கு 30. ஹெர்ம்ஸ் அவர்களுக்கானது அல்ல, எனக்கானதும் அல்ல.

லட்சத்தீவு எங்களுக்கு உண்மையில் பக்கம். ராஜபாளையத்திலிருந்து கொச்சி, சென்னையைவிடப் பாதித் தூரம்தான். செங்கோட்டை, புனலூர் வழியாக மதுரை–குருவாயூர் ரயிலே எர்ணாகுளம் போகிறது. ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் லட்சத்தீவில் கால் வைக்க முடியாது. உள்ளூர்க் காவல் நிலையச் சான்று, விண்ணப்பம், தங்குமிட உறுதி என்று காகிதம் நீளும். கப்பலில் இடமும் எளிதில் கிடைக்காது. 36 தீவில் ஆள் குடியிருப்பது பத்தில். டைவ் வசதி இருப்பது அதிலும் சிலவற்றில்தான். கட்மத், அகத்தி, பங்காரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பொறுமை இருக்கிறதா என்று கேட்பேன். இருப்பவர்களுக்கு இந்தியாவில் அதைவிடத் தெளிந்த தண்ணீர் இல்லை.

மாலத்தீவு என்றால் கோடீஸ்வரர் இடம் என்று நினைக்கிறார்கள். 2009க்குப் பிறகு, மக்கள் வசிக்கும் தீவுகளிலேயே விருந்தினர் விடுதி நடத்த அனுமதி வந்தது. மாஃபுஷி, திகுரா போன்ற தீவுகளில் சாதாரண அறை எடுத்துத் தங்கி டைவ் செய்யலாம். அந்தத் தீவுகளில் பொதுக் கடற்கரையில் உடம்பை மூடித்தான் குளிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது நிம்மதி. டைவ் செய்யும்போது போடும் வெட்சூட்டும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிவிடும். "என்ன டிரெஸ் போடணும்?" என்று தயங்கிய அக்காமார் பலர், வெட்சூட்டைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: வழிபாட்டுச் சிலைகளை மாலத்தீவுக்குள் கொண்டுபோகக் கூடாது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் குட்டிப் பிள்ளையாரை வீட்டுப் பூஜையறையில் விட்டுவிட்டு வரச் சொல்வேன்.

அடுத்தது உடம்பு.

நகரத்து ஆட்களைவிட எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நீச்சல் நன்றாக வரும். சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கம் தோட்டத்துக் கிணறு எதிலாவது குதித்துப் பழகாத பையன் குறைவு. ஓப்பன் வாட்டர் படிப்புக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். கிணற்று நீச்சலில் கெட்டிக்காரன் என்றால் தம் கட்டி அடிமண் எடுத்து வருகிறவன். ஸ்கூபாவில் முதல் விதியே தம் கட்டாதே என்பது.

வத்திராயிருப்புத் தம்பி ஒருவன். கிணற்றில் அடிமண் எடுக்கும் பந்தயத்தில் ஊரில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப் என்ற இடத்தில், கழுத்தளவு தண்ணீரில் முதல் பாடம் நடந்தது. பயிற்றுநர் கரேன் இனத்தவர்; 1920களில் பர்மாவிலிருந்து கொண்டுவந்து மாயாபந்தர் பக்கம் குடியேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர். தம்பி ரெகுலேட்டரை வாயில் கவ்வினான், தலையை முக்கினான், அப்படியே கல் மாதிரி உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் தலைக்கு மேலெல்லாம் குமிழி கொப்பளிக்கிறது. இவன் தலைக்கு மேல் ஒன்றுமில்லை. வாயில் காற்றுக் குழாய் இருக்கிறது, முதுகில் சிலிண்டர் இருக்கிறது, இவன் பழக்கதோஷத்தில் தம் பிடித்துக்கொண்டு பயிற்றுநரைப் பெருமையாகப் பார்க்கிறான். அவர் இவன் நெஞ்சில் இரண்டு விரலால் தட்டி, தன் உதட்டிலிருந்து கையை வெளியே வீசிக் காட்டினார். ஊது, விடு. மூன்றாம் முறை தட்டிய பிறகு ஒரு பெரிய குமிழி வந்தது. பிறகு ஒழுங்காக வந்தது.

தம் கட்டினால் என்ன ஆகும்? கிணற்றில் ஒன்றும் ஆகாது. மேலே இழுத்த காற்றோடு இறங்கி அதே காற்றோடு மேலே வருகிறோம். சிலிண்டர் விஷயம் வேறு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியே விடாமல் அடக்கினால் நுரையீரல் கிழியும். கிணறு இல்லாத ஊர் ஆட்களுக்கு இதைச் சொன்னால் போதும். எங்கள் ஆட்களுக்குப் பழைய பழக்கத்தை முதலில் மறக்கடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பம்ப்செட் தொட்டியில் கண்ணாடியும் ஸ்நார்க்கலும் மாட்டிக் குப்புறப் படுக்க வைத்துவிடுவேன். வேறு ஒன்றும் கற்றுத் தருவதில்லை. வாயால் இழு, வாயால் விடு, நிறுத்தாதே. அவ்வளவுதான்.

முதுகில் இருப்பதை எல்லாரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். அதில் இருப்பது நாம் மூச்சு விடும் அதே காற்று, 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மீதி ஏறக்குறைய எல்லாம் நைட்ரஜன். அந்த நைட்ரஜன் பற்றிக் கீழே வருகிறேன்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு கேள்வியை நான் தனியாகக் கேட்பதுண்டு: மில்லில் வேலையா? ராஜபாளையம் நூற்பாலை ஊர், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஊர். பஞ்சுத் தூசியில் பல வருடம் நின்றவர்களில் இளைப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். டைவ் மையங்கள் தரும் மருத்துவப் படிவத்தின் முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுக் கையெழுத்திட்டால் அன்றே இறக்கிவிடுவார்கள். போட்டோ ஆசையில் பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் இளைப்புக்காரரின் மூச்சுக்குழல் சுருங்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை. தம் கட்டாமலே தம் கட்டியவர் கதி. இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் நுரையீரல் டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் டைவ் பட்டியலில் பெயர் சேர்ப்பேன். ஸ்பின்னிங் மில் சூபர்வைசர் ஒருவர் இதற்காக என்னோடு சண்டை போட்டார். கடைசியில் மனைவியை டைவுக்கு இறக்கிவிட்டு, அவர் மேலே ஸ்நார்க்கலோடு மிதந்தார். ஆமையைப் பார்த்தது அவர்தான், மனைவிக்கு அகப்படவில்லை. அந்தச் சண்டை அதோடு தீர்ந்தது.

காது இன்னொரு வாசல். இறங்க இறங்க, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறையாவது. வலி வந்த பிறகு ஊதினால் பிந்திவிட்டது. சளி இருந்தால் சமன் ஆகாது. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கலாமே என்பார்கள். ஆழத்தில் இருக்கும்போது மாத்திரையின் வேலை தீர்ந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற முடியாமல் காது அடைத்துக்கொள்ளும். கீழே போகாமல் இருப்பது நம் கையில். மேலே வராமல் இருக்க முடியுமா?

உடல் தெம்புக்கு எங்களிடம் சொந்த அளவுகோல் இருக்கிறது. தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறி இறங்க முடிகிறதா என்று கேட்பேன். நெஞ்சைப் பிடிக்காமல் ஏறிவிடுகிறவர் என்றால், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு ஈசிஜி மட்டும் எடுத்துவரச் சொல்வேன்.

தண்ணீருக்குள் பேச முடியாது, சைகைதான். ஒன்று மட்டும் இங்கேயே பழக்கிவிட வேண்டும். கட்டை விரலை உயர்த்தினால் நமக்கு "சூப்பர்". கடலுக்கடியில் அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். ஒரு மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டை விரல் காட்டியவரைப் பயிற்றுநர் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார். சந்தோஷம் என்றால் ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, திரும்பும் நாள். அதைத் தீர்மானிப்பது நைட்ரஜன். ஆழத்தில் அது ரத்தத்திலும் திசுவிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு மெதுவாக வெளியேறுகிறது. அது வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால், குறைந்த அழுத்தத்தில் சோடா பாட்டில் திறந்தது மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டு வலியில் தொடங்கி முடக்கம் வரை கொண்டுபோகும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். நான் 24 என்றே வைத்துக்கொள்கிறேன். ஆகவே திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுவேன். மற்ற டிராவல்ஸ்காரர்கள் அந்தமானில் இறங்கிய அன்றே செல்லுலார் சிறையைக் காட்டிவிடுவார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். முதலில் நேராக ஹேவ்லாக், இரண்டு நாள் டைவ், பிறகு போர்ட் பிளேர் திரும்பி ஒரு முழு நாள் சிறை, அருங்காட்சியகம், ஒலி–ஒளிக் காட்சி. உடம்பில் இருக்கும் நைட்ரஜன் வெளியேற அந்த நாள். கடல் முரண்டு பிடித்துப் படகு நின்றுபோனால் ஈடுகட்டவும் அதே நாள். (2018இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவானது, 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரமானது. ஆனால் என்னிடம் வருபவர்கள் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

விமானம் என்றால் புரிந்துகொள்கிறார்கள், மலை என்றால் புரிவதில்லை. கோவளத்தில் காலையில் டைவ், சாயங்காலம் மூணாறு என்று ஒரு புதுமணத் தம்பதி தாங்களே திட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானல் அந்த உயரம். மூணாறு கொஞ்சம் குறைவு. கார் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் உடம்புக்கு ஒன்றுதான். மூணாற்றை முதலிலும் கோவளத்தைப் பிறகும் மாற்றிக் கொடுத்தேன். செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

காப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா சேராது. பொடி எழுத்தில் விலக்கியிருப்பார்கள். குமிழி கட்டியவரை அழுத்த அறையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும், அதற்கு ஆகும் செலவு பயணச் செலவைப் போல் பல மடங்கு. டைவர்களுக்கென்று தனிக் காப்பீடு இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். பக்கத்து அழுத்த அறை எங்கே இருக்கிறது என்று டைவ் மையத்திடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற மையத்துக்கு நான் ஆள் அனுப்புவதில்லை.

பவளப்பாறை பற்றி வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுவேன். 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் லட்சத்தீவில் பவளம் வெளுத்திருக்கிறது. அந்தமானும் மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. நிறம் குறைந்திருக்கும், மீன் இருக்கும். செத்துக் கிடக்கும் பவளத்துண்டையோ கரை ஒதுங்கிய சங்கையோ பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. பவளத்தையும் சில வகைச் சங்குகளையும் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். விமான நிலைய ஸ்கேனரில் அப்படியே தெரியும். சங்கோடு பேசிய ஆண்டாளின் ஊர்க்காரர்களுக்குச் சங்கு மேல் ஆசை வருவது நியாயம்தான். ரசீதோடு அரசு அங்கீகாரக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.

சென்னை வழியாக அந்தமான் போகிறவர்கள் பொதிகை எக்ஸ்பிரசை நம்பிக் காலை விமானம் போடாதீர்கள். விடியற்காலை தாம்பரத்தில் இறங்கித் திரிசூலத்துக்கு ஓடுவது கணக்குக்குச் சரியாக வரும். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் பயணமே போச்சு. முந்தின நாளே போய்த் தங்குங்கள்.

வருகிற மாசி, பங்குனியில் இறங்க நினைப்பவர்கள் கார்த்திகைக்குள் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி போடுபவர்கள் பவர் எழுதிய சீட்டையும் கொடுத்துவிடுங்கள், அதே பவரில் டைவ் மாஸ்க் வர ஒரு மாதம் ஆகும். கிளம்பும் வாரத்தில் ஐஸ்கிரீம் வேண்டாம். சளியோடு வந்தாலும் கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் படகில்தான் உட்கார வேண்டும், கட்டிய டைவ் பணம் திரும்ப வராது.